ஊசி எந்தப் பக்கம்

ஜெகநாதன் இளநீர் குடிப்பதைப் பார்த்தாலே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். வெட்டுபவர் எடுத்து நீட்டுகிற காயை வாங்க மாட்டார். குலையின் உள்பக்கம் மறைந்திருக்கும் காயைக் காட்டி அதைத்தான் வெட்டச் சொல்வார். பல வருஷம் இப்படியே குடித்தார். பிறகு, தன் பழக்கம் தெரிந்து முற்றிப்போன காயை எல்லாம் உள்பக்கம் திருப்பி வைக்கிறார்களோ என்று தோன்றிவிட்டது. இப்போது வெளியில் இருப்பதையே கேட்கிறார். வெட்டுபவர் அதைக் கையில் எடுத்ததும் காயைப் பார்க்காமல் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறார்.

திருத்தணியில் மலைக்கு ஏறுகிற சாலை ஆரம்பிக்கும் இடத்தில், மாலைக் கடைக்கும் பித்தளைச் சாமான் கடைக்கும் நடுவில் அவருடைய கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. புதிதாகச் சேர்த்துக் கட்டியும் தருவார், பழுதும் பார்ப்பார். கடையின் முன்பக்கம் ஒரு ஜெராக்ஸ் மிஷின். அது என் பொறுப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, தாளைத் திருப்பிப் போடுவதும் வருகிறவர்களைப் பார்ப்பதும்தான் வேலை. பேசுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் ஜெகநாதனை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவர். பாகம் பிரித்தபோது தறிகள் அண்ணன் பக்கம் போயின. இவர் கேபிள் டிவி இழுத்தார். வீட்டுக்கு வீடு டிஷ் வந்து கேபிள் படுத்ததும், மலையடிவாரத்துக்கு வந்து கம்ப்யூட்டர் கடை போட்டார். ஆரம்பத்தில் சென்னையிலிருந்து ஒரு ஆள் புத்தம்புதுப் பெட்டிகளாகக் கொண்டுவந்து இறக்கினான். வெளியே பளபளப்பு, உள்ளே யாரோ கழித்துப் போட்ட பழைய சரக்கு. வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவன் போன இடம் தெரியவில்லை. ஜெகநாதன் வாசலில் நின்று எல்லாருக்கும் பதில் சொல்லி, எல்லாருக்கும் வேறு மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் கண் இப்படி ஆனது என்று அவர் மனைவி சொல்வார். அதற்கு முன்பும் இப்படித்தான் இருந்தார் என்று அண்ணன் வீட்டில் சொல்வார்கள்.

அன்றிலிருந்து அவர் கையில் இரண்டு வழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, புதிதாக வரும் பிராசசரைத் தானே எடுத்துத் திருப்பிப் பார்ப்பது. பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை; தீப்பெட்டியை விடச் சிறிய சதுரத் தகடு. அதன் அடிவயிற்றில் மயிர் போல மெல்லிய தங்க நிற ஊசிகள் வரிசையாக நிற்கும். ஊசிகள் நேராக நின்றால் புதுச் சரக்கு, ஒன்றிரண்டு சாய்ந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியது. இதைச் சென்னை ஆளால் பட்ட பிறகு கற்றுக்கொண்டார். தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் மேலாக ஒருமுறை தடவிப் பார்ப்பார். கோழிக்குஞ்சைத் தடவுவது போல அவ்வளவு மெதுவாக.

இன்னொன்று, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்கு ஒரே வாக்கியத்தில் விளங்கவைக்க முடியாத எதையும் விற்பதில்லை. கம்பெனிக்காரன் மூன்று எழுத்தில் பேர் வைத்தால், அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை. நல்ல பொருளாக இருந்தால் முழுப்பேரைச் சொல்ல ஏன் கூச்சம் என்பார்.

அந்த எழுத்துகளைப் பிரித்துச் சொல்கிற வேலை ஹுசைனாவுடையது. அவள் அரக்கோணத்துக்காரி. டிப்ளமோ படித்துவிட்டு, தினமும் ரயிலில் வந்து கடையில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டுகிறாள். கணவன் ஷரீப் அரக்கோணத்தில் பைக் மெக்கானிக். வெளியூர்க் கடையில் பெண் வேலை செய்வதா என்று அவள் மாமியார் வீட்டில் கேட்டபோது, ஷரீப் தானே வந்து ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான். ஜெகநாதனும் அன்று முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை வந்துவிட்டது.

ஆடி மாதம் பிறக்கும் முன்பு, சென்னை மொத்த வியாபாரியின் ஆள் குமரவேல் ஒரு வண்ணத் தாளோடு வந்தான். ஜெகநாதன் இத்தனை காலமாக விற்கிற அதே கம்பெனிதான், ஆனால் தலைமுறை புதிது. இப்போது வாங்கும் போர்டிலேயே, அதாவது பாகங்களை எல்லாம் தாங்குகிற பலகையிலேயே, அடுத்து வரப்போகிற பிராசசரும் உட்காரும், இன்னும் வெளிவராத சரக்குக்கு இன்றைக்கே இடம் போட்டு வைப்பது மாதிரி என்றான். ஜெகநாதனுக்கு அந்த இடத்திலேயே பிடிக்காமல் போயிற்று. பார்க்காத மாப்பிள்ளைக்கு மண்டபம் பிடிக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். குமரவேல் சிரித்துவிட்டு, தாளை வைத்துவிட்டுப் போனான். தாள் முழுக்க எழுத்துகள்.

மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஹுசைனாவை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்பியூன்னா இன்னா?"

"மூஞ்ச அடையாளம் பாக்குறது, கொரல கேட்டு எழுதறது, அந்த மாதிரி வேலைக்குன்னு தனியா ஒரு சின்ன மூளைண்ணா. பெரிய மூளைக்குப் பாரம் கொறையும்."

"இத்தினி நாளு அந்த வேலைய யாரு செஞ்சா?"

"பெரிய மூளையேதான்."

"அப்ப இனிமே அது சும்மா ஒக்காந்துகினு இருக்குமா?"

ஹுசைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். டாப்ஸ் என்பது அந்தச் சின்ன மூளை ஒரு விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்று சொல்வது என்றாள். யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள்தான் என்றாள். விற்கிறவனே தராசு பிடிக்கிறான் என்று தாளின் அந்த இடத்தில் நகத்தால் கீறினார். டிடிஆர் ஐந்து என்பது மெமரியின் புதிய தலைமுறை, பழைய மெமரி இதில் ஏறாது என்றதும், அதானே பார்த்தேன் என்று இன்னொரு கீறல் போட்டார். பிசிஐஇ என்பதைப் பிராசசருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவில் போட்ட சாலை என்று அவள் சொன்னாள். அது தறிக்காரருக்கு விளங்கும் என்று தலையாட்டினார். டிடிபி மட்டும் அவருக்குப் பிடித்தது. பிராசசர் எவ்வளவு சூடாகும், அதற்கு எவ்வளவு பெரிய ஃபேன் வேண்டும் என்று தெரிந்துகொள்கிற கணக்கு அது. இந்தத் தாளிலேயே தன் குறையைத் தானே ஒத்துக்கொள்கிற எழுத்து இது ஒன்றுதான் என்றார்.

கடைசியில் ஒரு மூலையில் சின்னதாக எல்ஜிஏ என்று இருந்தது.

"அது பிராசசர் போர்டுல எப்பிடி ஒக்காருதுன்னு சொல்றதுண்ணா. இதுக்கு முன்ன நம்ம கிட்ட வந்ததுல—"

"ஒக்கார்றதுல இன்னா ஏமாத்த முடியும்? அத்த வுடு. சாயா வாங்கினு வரச் சொல்லு."

ஹுசைனா தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாள். அந்த ஒரு எழுத்து விளக்கம் இல்லாமல் நின்றுபோனது.

அந்தப் புதிய வகையில் முதல் ஆர்டர் பொதட்டூர்பேட்டையிலிருந்தே வந்தது. சுதாகர் என்று, ஜெகநாதனுக்குத் தூரத்து உறவில் மருமகன் முறை. புடவை பார்டருக்கும் லுங்கிக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிறவன். அவனுடைய பழைய மிஷின் பெரிய டிசைனைத் திறக்கும்போதெல்லாம் மூச்சுத் திணறியது. முப்பத்திரண்டு ஜிபி மெமரி வேண்டும், அடுத்த பிராசசர் வந்தால் அதையும் போட்டுக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்றான். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ஹுசைனா வேலையை ஆரம்பித்தாள். பிராசசரைப் போர்டில் உட்காரவைத்து, மூடியைப் பூட்டி, மேலே ஃபேன் மாட்டுவதற்கு முன்பே ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனாள். மறுநாள் அவளுக்கு லீவு. கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் அரக்கோணம் ரயிலில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நானும் அன்று வரவில்லை.

ஜெகநாதன் அன்று காலை மலையில் மொட்டை போட்டுக்கொண்டார். மகள் யுவஸ்ரீக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்கு வேண்டுதல். அங்கேயும் அவர் அவர்தான். புது பிளேடைக் கையோடு கொண்டுபோய், தன் கண் முன்னால் உறை பிரிக்கச் சொன்னாராம். தலை நிறையச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு இறங்கி வந்தவர், வீட்டுக்குப் போகாமல் கடையைத் திறந்தார். துணியை விலக்கினார். புதிய வகைப் பிராசசரை அவர் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லையே.

அதன் பிறகு நடந்ததை அவரே பின்னால் சொன்னார். தலை அரித்ததாம், சந்தனம் காய்ந்து இழுத்ததாம். சொறிந்துகொண்டே பூட்டை விடுவித்து, பிராசசரை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஊசி இல்லை. ஒன்றுகூட இல்லை. தன் தலையைப் போலவே மழுமழுவென்று இருந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். கண் சரியில்லையோ என்று கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார். ஊசி வழிக்கப்பட்ட போலிச் சரக்கு என்று அந்த நிமிஷம் அவர் மனசு முடிவு கட்டிவிட்டது. போர்டைக்கூடப் பார்க்காமல் பிராசசரைத் திரும்ப வைத்துப் பூட்டி, துணியைப் போட்டு மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததை வெளியில் சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான், மிஷின் போய்த் திரும்பி வந்தால் தானே மாட்டுவான் என்பது அவர் கணக்கு. திருடன் குமரவேலா, இல்லை அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்த ஹுசைனாவா என்பதுதான் பாக்கி. அவள் கையில்தானே உறை பிரிந்தது.

மறுநாள் ஹுசைனா வந்து துணியை விலக்கியதும் என்னைக் கூப்பிட்டாள். மேசையை யாராவது தொட்டார்களா என்று கேட்டாள். துணி தான் மடித்த மாதிரி இல்லை என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். ஜெகநாதனைக் கேட்டாள். கடையே பூட்டி இருந்தது, யார் தொடுவார்கள் என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் அவளுடைய கைப்பையில் இருந்தது. அவள் ஃபேனை மாட்டி, மிஷினை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அட்டைப் பெட்டியில் கட்டினாள். அவர் அதைப் பக்கத்தில் வந்து பார்க்கவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. எதையும் பக்கத்தில் வந்து பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

சுதாகர் பெட்டியை மினிவேனில் லுங்கிக் கட்டுகளோடு ஏற்றிக்கொண்டு போனான். அந்த வாரமே அதே வேனில் திரும்பி வந்தான்.

"மாமா, முப்பத்திரண்டுன்னு சொன்னீங்க. வீட்ல போட்டா பதினாறுதான் காட்டுது. பாதியக் காணோம்."

ஹுசைனா பெட்டியைத் திறந்தாள். மெமரித் துண்டுகள் இரண்டும் உள்ளேயே இருந்தன. கழற்றி மாட்டினாள். ஓட்டினாள். பதினாறு. துண்டுகளை இடம் மாற்றினாள். மறுபடி பதினாறு. கடையிலிருந்து போகும்போது முப்பத்திரண்டு காட்டியதே என்று அவள் முணுமுணுத்தாள்.

"யாரு பாத்தா?" என்றார் ஜெகநாதன்.

அவள் நிமிர்ந்தாள்.

"முப்பத்திரண்டு காட்டிச்சின்னு சொல்றியே. உன்னத் தவிர யாரு பாத்தா?"

சுதாகர் ஒரு பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மாலைக் கடைக்காரர் பூத் தொடுப்பதை நிறுத்திவிட்டார். நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சத்தம் இல்லாமல் போய் எல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று தோன்றியது.

"நீங்க இன்னா சொல்ல வர்றீங்கண்ணா?"

"நான் ஒண்ணும் சொல்ல வரல. பாக்க வேண்டியத பாத்துட்டேன். உள்ள இருக்கிற பிராசசரு எதுன்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

எதைப் பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் சொல்லவில்லை. கேட்கக் கேட்க வாயை இறுக்கிக்கொண்டார். விசாரித்து முடிக்கும் வரை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஹுசைனா அழவில்லை. தன் கைப்பையை எடுத்து, மேசை மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ரயில் பாஸ், ஒரு மாத்திரை அட்டை. அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, அக்கா நீங்க பாருங்க என்றாள். பார்த்தேன். திரும்ப எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவர் பெட்டி அவளுடைய சொந்தப் பொருள். அதை எடுக்காமல் விட்டுவிட்டுப் போனாள். அதையும் எடுத்துப் போனாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்றுதான்.

திருட்டுப் பேரோடு வெளியேறினால் திருத்தணியிலும் அரக்கோணத்திலும் வேறு எந்தக் கடையும் அவளைச் சேர்க்காது. மாமியார் வீட்டில் அன்றே முடிந்த கதை. இது ஜெகநாதனுக்கும் தெரியும். அன்று அவர் சாயா குடிக்கவில்லை.

எனக்கு யார் மேல் சந்தேகம் என்று கேட்டால், எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. சுதாகர் பாதியைக் கழற்றி விற்றுவிட்டு வந்தானோ என்று நினைத்தேன். ஆனால் துண்டுகள் இரண்டும் இருந்தன. ஹுசைனாவின் பையைப் பார்த்தபோதுகூட, பையில் இல்லாததால் மட்டும் எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று ஒரு நினைப்பு வந்து போனது. ஜெகநாதன் மேல்தான் அதிகம். திருட்டைக் கண்டுபிடித்த ஆள் அதைச் சொல்லத்தானே துடிப்பார்? இவர் ஏன் மறைக்கிறார்?

மறுநாள் காலை அவர் குமரவேலுக்குப் போன் போட்டார். அவன் பேசுவதற்கு நானும் சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். அடுத்து வரப்போகிற சரக்கைப் பற்றி, விலையைப் பற்றி என்று எங்கெங்கோ சுற்றி, அவன் அசந்த நேரத்தில் கேட்டார்.

"உங்க புது பிராசசருல ஊசிய வழிச்சிட்டுத்தான் அனுப்புறீங்களா?"



"அண்ணே, இது எல்ஜிஏண்ணே. இதுல பிராசசருக்கு ஊசி கெடையாது. ஊசிங்க போர்டுல இருக்கும். பிராசசருக்கு அடியில வெறும் புள்ளிங்கதான். தாள்லயே போட்டு இருக்கே."

ஜெகநாதன் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏண்ணே? அடியில கைய கிய்ய வெச்சிட்டீங்களா? அதுல வெரல் படக்கூடாதுண்ணே. லேசா அழுக்கு இருந்தாக்கூட பாதி மெமரி தெரியாமப் பூடும். மொதல்ல தெரியும், வண்டியில ஆடுனா பூடும்."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். குமரவேல் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சரக்கு விற்றவன் வேறு என்ன சொல்வான். மேசை இழுப்பறையிலிருந்து அந்த வண்ணத் தாளை எடுத்தார். மூலையில் இருந்த அந்த மூன்று எழுத்தின் மேல் கீறல் இல்லை. சுதாகர் விட்டுப்போன மிஷின் மேசை மேலேயே இருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி, ஃபேனை எடுத்து, பூட்டை விடுவித்தார். இந்த முறை பிராசசரை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்கினார்.

போர்டில் அந்தச் சதுரப் பள்ளம் முழுக்க, இளம் புல் போல, ஊசிகள் நின்றன. எண்ண முடியாத அளவுக்கு. பிராசசரைத் திருப்பினார். அடியில் தங்கப் புள்ளிகள். அவற்றின் மேல், ஒரு மூலையில், காய்ந்த மஞ்சள். சந்தனம். கட்டைவிரலின் ரேகை வளைவு வளைவாக அப்படியே பதிந்திருந்தது.

அவர் தன் மொட்டைத் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கட்டைவிரலை.

கடையில் நானும் அவரும் மட்டும்தான். துடைக்கும் துணி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதற்கான திரவப் புட்டியும் பக்கத்தில். துடைத்துவிட்டால் முடிந்தது. மிஷின் முப்பத்திரண்டு காட்டும். சுதாகரிடம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். ஹுசைனாவிடம் போனால் போகட்டும், மன்னித்துவிட்டேன், வா என்றுகூடச் சொல்லலாம். அவள் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அவர் கை துணிப் பக்கம் போனது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணியை எடுக்கவில்லை. பிராசசரைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்தார்.

"இங்க வா. நல்லா பாத்துக்கோ. இது இன்னா?"

"சந்தனம்."

"யாருது?"

நான் அவர் தலையைப் பார்த்தேன்.

"ஆங். நாளிக்கு நானே வேற மாதிரி பேசினாலும் பேசுவேன். மனசு அப்பிடி. நீ பாத்தத மறந்துராத."

தன்னையே நம்பாமல் ஒரு மனிதர் சாட்சி வைத்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தத் தாளின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினார். கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் ஹுசைனா வீட்டுக்குப் போன் பேசினார். நீண்ட நேரம் பேசினார். பெரும்பாலும் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஹுசைனா மறுநாள் ஷரீபோடு வந்தாள். உள்ளே வரவில்லை. பித்தளைக் கடை நிழலில் நின்றுகொண்டாள். ஷரீப் மட்டும் வாசல்படி வரை வந்து, என்ன விஷயம், போலீசுக்கு ஏதாவது சொல்லி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றார் ஜெகநாதன். அப்படியானால் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்றான். உள்ளே வந்தால் காட்டுகிறேன் என்றார். அதற்கு ஹுசைனா நிழலில் இருந்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு சுதாகர் அண்ணன் முன்னாடிதான பேசுனீங்க. இன்னிக்கும் அவரு இருக்கட்டும்."

சுதாகர் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும் வரை அவர்கள் இரண்டு பேரும் வெளியிலேயே நின்றார்கள். ஜெகநாதனும் உட்காரவில்லை. கடைக்கு வெளியே அவர்கள், உள்ளே இவர், நடுவில் என் ஜெராக்ஸ் மிஷின். மலைக்குப் போகிறவர்கள் வந்து ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுதாகர் வந்ததும் அவர் டம்ளரை எடுத்தார். மாலைக் கடைக்காரரையும் கூப்பிட்டார். அன்றைக்குக் கேட்டவர் அவரும்தான்.

"இது என் கட்டவெரலு. கிருத்திகை அன்னிக்கு, இந்தப் பொண்ணு இல்லாதப்ப, நான்தான் எடுத்துத் தடவினேன். ஊசி இல்லன்னு போலின்னு நெனச்சிகினேன். ஊசி போர்டுல இருக்குன்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னுது. அவ மேல சொன்னதும் தப்பு."

சுதாகர்தான் முதலில் குனிந்து பார்த்தான்.

"மாமா, முருகன் குடுத்த சந்தனத்துல எனக்கும் பங்கு குடுத்துட்டீங்க."

மாலைக் கடைக்காரர் சிரித்தார். ஷரீப் சிரிக்கவில்லை. ஹுசைனாவும் இல்லை. அவள் வந்து பிராசசரைப் பார்த்தாள், ஜெகநாதனின் கட்டைவிரலைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிற மாதிரி.

"இத நீங்களே தொடச்சிட்டு சொல்லாம வுட்டு இருக்கலாமே?"

"வுட்டு இருப்பேன். அதான் அவள பாக்க வெச்சேன்" என்று என்னைக் காட்டினார்.

அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது. தன் ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, உட்கார்ந்தாள். துணியைத் திரவத்தில் நனைத்து, புள்ளிகளின் மேல் அழுத்தாமல் துடைத்தாள். போர்டில் இருந்த ஊசிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஏதோ துகளை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தாள். ஊசி எதுவும் வளையவில்லை, வளைந்திருந்தால் போர்டையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்றாள். ஃபேனை மாட்டினாள். மிஷினைப் போட்டாள். திரையை எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தாள்.

முப்பத்திரண்டு.

"இப்ப யாரு பாத்தீங்க?" என்றாள். ஜெகநாதன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி. சுதாகர் தூக்கினான். கொஞ்சம் தயங்கி நானும் தூக்கினேன்.

ஆனால் அவள் அந்த வாரம் வேலைக்கு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். ஜெகநாதன் தினமும் அரக்கோணம் ரயில் வரும் நேரத்துக்குச் சாலையை எட்டிப் பார்த்தார். வேறு கடையில் சேர்ந்துவிட்டாளோ, குமரவேலே ஆள் சேர்த்துவிட்டானோ என்று என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை வந்தாள். வந்ததும் ஒரு நிபந்தனை சொன்னாள். உறை பிரிப்பது இனி இரண்டு பேரும் இருக்கும்போதுதான். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம், சந்தேகப்படலாம். கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

ஒத்துக்கொண்டார். இப்போது புதுச் சரக்கு வந்தால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு போர்டில் இடிக்கிற மாதிரிக் குனிந்து பார்க்கிறார். ஹுசைனா ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறாள். இன்னும் கொஞ்சம் சாய் என்கிறார். சாய்க்கிறாள். சில சமயம் அவர் முடிச்சுப் போட்ட கை தானாக அவிழப் பார்க்கும். அவள் பிராசசரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். கை திரும்பப் பின்னால் போகும்.

சந்தேகம் அவரை விட்டுப் போகவில்லை. போகவும் போகாது. இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. போன மாதம் குமரவேல் இன்னொரு தாளோடு வந்தான். அடுத்ததுக்கு அடுத்து வரப்போகிற தலைமுறையாம். பழைய எழுத்துகளோடு, யாரும் கேள்விப்படாத நாலைந்து புது எழுத்துகளும் இருந்தன. டாப்ஸ் இரண்டு மடங்காகியிருந்தது. ஜெகநாதன் அதன் மேல் கீறவில்லை. ஹுசைனாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். தாளின் மூலையில் எல்லாவற்றையும் விடச் சின்னதாக இருந்த எழுத்தை முதலில் காட்டினார்.

"மத்தது அப்பறம் இருக்கட்டும். இதுல ஊசி எந்தப் பக்கம்?"